சுதர்சனாவுக்குப் போட்ட அத்திவாரம்

கேதீஸ்வரிக்கு ஐம்பத்தெட்டு வயது. பிறந்ததிலிருந்து இன்றுவரை ஒரே ஒழுங்கைக்குள்தான் குடியிருக்கிறாள். நாவற்குடாவில் பெரிய றோட்டை விட்டு மேற்கே வாவிப் பக்கம் இறங்கும் ஒழுங்கைகளில் அதுவும் ஒன்று. அவள் பிறந்த வீடு ஒழுங்கையின் தலைப்பில் இருந்தது. இப்போது அவள் படுத்தெழும்பும் கொட்டில், ஒழுங்கை முடிந்து தண்ணீர் தொடங்குகிற இடத்தில் இருக்கிறது. யாரும் அவளைத் துரத்தவில்லை. பெண் பிள்ளைகளைப் பெற்றாள், அவ்வளவுதான்.

வெளியூர்க்காரருக்கு இதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும். இந்தப் பக்கத்தில் பெண் கலியாணம் கட்டிப் புருசன் வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்கு வருவான். தாயும் தகப்பனும் தாங்கள் இருந்த வீட்டை மகளின் பெயருக்கு எழுதிவிட்டுப் பின்வளவில் ஒரு கொட்டிலைப் போட்டுக்கொண்டு ஒதுங்குவார்கள். அடுத்த மகள் வளர்ந்தால் அந்தக் கொட்டில் வீடாகும், அவர்கள் இன்னும் பின்னால் போவார்கள். பின்னால் காணி இருக்கிற வரைக்கும் இது நல்ல ஏற்பாடுதான். கேதீஸ்வரியின் தாய் முன்வீட்டை மூத்த மகளுக்குக் கொடுத்தாள், நடுவளவில் களிமண் சாந்து வைத்துச் செங்கல்லால் கட்டிய வீட்டைக் கேதீஸ்வரிக்குக் கொடுத்தாள். கேதீஸ்வரி அதைத் தன் மூத்தவள் துசாந்தினிக்குக் கொடுத்தாள். இளையவள் சுதர்சனாவின் முறை வந்தபோது பின்னால் காணி முடிந்து ஆறு தொடங்கியிருந்தது. வாவியை இங்கே எல்லோரும் ஆறு என்றுதான் சொல்வார்கள்.

காணி முடிந்தால் என்ன செய்வது? எல்லோரும் செய்வதைத்தான் அவளும் செய்தாள். ஆற்றை நிரப்பினாள்.

தொடங்கி வைத்தது அவள் புருசன் அழகரத்தினம். மேசன் வேலைக்குப் போகிற மனிதர். சுனாமி வந்து கடற்கரைப் பக்கத்து வீடுகளையெல்லாம் தரைமட்டமாக்கிவிட்டுப் போன பிறகு, உடைந்த சுவர்களைக் கொட்ட இடமில்லாமல் உழவு இயந்திரங்கள் தெருத் தெருவாக அலைந்தன. அழகரத்தினம் றோட்டில் நின்று கையைக் காட்டினார். "இஞ்ச கொண்டு வந்து கொட்டுங்க, இடமிரிக்கு" என்றார். யார் யாருடைய குசினிச் சுவரோ, யார் யாருடைய கிணற்றுக் கட்டோ, எல்லாம் வந்து ஆற்றங்கரையில் விழுந்தன. சுதர்சனா அப்போது சின்னப் பிள்ளை. அந்தக் கற்குவியலில் ஏறி விளையாடியவளைப் பார்த்து, "இது உண்ட வீடு மனே" என்று தகப்பன் சொன்னார். வீட்டைக் கட்டுவதற்குள் அவர் நெஞ்சுவலி வந்து போய்ச் சேர்ந்தார்.

அதன் பிறகு கேதீஸ்வரி தனியாக நிரப்பினாள். ஊரில் எங்கே சுவர் இடித்தாலும் அவளுக்குத் தகவல் வந்துவிடும். தேங்காய் மட்டை, உமி, உடைந்த ஓடு, கிறவல் மண், எது கிடைத்தாலும் பின்னேரங்களில் கூடையில் சுமந்து கொண்டுபோய்க் கொட்டுவாள். கரையில் வேர்களை விரித்துக்கொண்டு நின்ற கண்ணா என்கிற அலையாத்தி மரங்களை ஒவ்வொன்றாக வெட்டி விறகாக்கினாள். தண்ணீர் நின்ற இடம் சேறானது, சேறு தரையானது, தரையில் அவள் வெண்டி நட்டாள். வெண்டி காய்த்த வருடம் அவள் பட்ட சந்தோசத்துக்கு அளவில்லை. நிலத்தைப் பெற்றெடுத்தவள் என்று அவளைச் சொன்னால் பிழையில்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பகலில் அவள் செய்த கூலிவேலை என்னவென்று நினைக்கிறீர்கள்? கண்ணாக் கன்று நடுவது. புயலுக்கும் வெள்ளத்துக்கும் வாவிக்கரை தாக்குப்பிடிக்க வேண்டும் என்று ஒரு திட்டம் வந்திருந்தது. கரையோரப் பெண்களைச் சேர்த்து, பைகளில் சேறு நிரப்பிக் கன்று வளர்த்து, வெறும் கரைகளில் கொண்டுபோய் நடுவார்கள். கேதீஸ்வரி முழங்கால் சேற்றில் நின்று காலை முழுவதும் கண்ணா நடுவாள். பின்னேரம் வீட்டுக்கு வந்து கண்ணா வெட்டுவாள். கேட்டால் இரண்டுக்கும் அவளிடம் நியாயம் இருந்தது. அது கூலி, இது மகள்.

சுதர்சனாவுக்கு மாப்பிள்ளை பேசி முடிந்தது போன சித்திரையில். மாங்கேணிப் பையன், கிரிசாந்த் என்று பெயர். படகு இஞ்சின் திருத்துகிறவன். பிழை சொல்ல ஒன்றுமில்லாத பிள்ளை. கலியாணம் தையில் என்று நாளும் வைத்தாயிற்று. மாப்பிள்ளை வந்து ஏற ஒரு வீடு வேண்டும். கொட்டிலுக்குள் அவனைக் கூப்பிட முடியுமா? கேதீஸ்வரி இரவும் பகலும் அந்த ஒன்றையே நினைத்தாள். தைக்கு முதல் சுவர் எழும்ப வேண்டும், கூரை ஏற வேண்டும், இல்லாவிட்டால் கலியாணம் தள்ளிப் போகும், தள்ளிப் போனது எத்தனையோ நின்றும் போயிருக்கிறது.

மேசன் வந்து கயிறு பிடித்தபோதுதான் ஹோல் என்கிற முன்கூடம் ஒரு பக்கம் ஒடுங்கி நிற்பது தெரிந்தது. காரணம் தோணா. ஒழுங்கையில் பெய்கிற மழைத்தண்ணீர் எல்லாம் ஒன்றுசேர்ந்து ஆற்றுக்கு இறங்குகிற சின்ன வாய்க்காலைத்தான் தோணா என்பார்கள். கோடையில் அது காய்ந்து நாறும், மாரியில் இடுப்பளவு ஓடும். கேதீஸ்வரி நிரப்பி எடுத்த நிரவலை ஒட்டி அது போனது. தோணாவையும் சேர்த்து மூடினால் ஹோல் சதுரமாக வரும், நாலு பேர் வந்தால் பாய் விரித்து இருத்தலாம். அவள் யோசித்தாள். நாலு நாள் யோசித்தாள் என்றே வைத்துக்கொள்வோம். பிறகு மனச்சாட்சிக்கு ஒரு கொங்கிறீற் குழாயை வாங்கிக் குறுக்கே தாட்டுவிட்டு, மேலே மண்ணைப் போட்டு மூடினாள். அதன் மேல் கல்லும் சீமெந்தும் வைத்து அத்திவாரம் போனது. நல்ல நாள் பார்த்து முன்வாசலுக்கு நிலையும் நட்டாயிற்று. மஞ்சள் துணி கட்டி, மாவிலை செருகி, தேங்காய் உடைத்து, எல்லாம் முறையாக நடந்தது.

திட்டத்தில் வேலை செய்கிற அஸீமா ஏறாவூர்ப் பெண். சின்ன வயது, ஆனால் கண் கூர்மை. ஒருநாள் கன்று நட்டுவிட்டுக் கை கழுவும்போது கேட்டாள்.

"கேதீஸ்வரியக்கா, உங்கட வளவால போன தோணாவ மூடிட்டீங்களாமே?"

"மூடல்ல மிஸ். குழாய் வச்சிரிக்கன்."

"குழாய்க்குள்ளால எவ்வளவு தண்ணி போகும்? இப்ப பெய்யிறது முந்தின மழ இல்லக்கா. ஒரு மாசத்து மழய ஒரு நாளையில கொட்டுது. அதத் திறந்து விட்டா நாங்க ரெண்டு பக்கமும் கண்ணா நட்டுத் தருவம். அந்தக் கரை அப்பிடியே நிக்கும்."

"ஓம் மிஸ், விளங்குது. கலியாணம் முடியட்டும். மறுகா பாப்பம்."

அஸீமா அதோடு விட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டாள். அவளுடைய வாப்பாவும் ஒரு பள்ளத்தை நிரப்பித்தான் அவளுக்கு வீடு கட்டிக் கொடுத்திருந்தார். அந்த வீட்டுக் கிணற்றில் மாரிக்கு மாரி வெள்ளம் விழும். பெண் பிள்ளையின் வீடு என்று வந்துவிட்டால் வாயைத் திறப்பது கஷ்டம் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. பாவம், படித்த படிப்பு ஒரு பக்கம் இழுத்தது, பிறந்த ஊர் ஒரு பக்கம் இழுத்தது.

கார்த்திகையில் புயல் வந்தது. வருகிறது வருகிறது என்று இரண்டு நாளாக றேடியோவிலும் போனிலும் சொன்னார்கள். கிராம சேவகர் ஓட்டோவில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு வந்து, எல்லோரையும் பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொன்னார். கேதீஸ்வரி பதறவில்லை. பதறுகிற வயதெல்லாம் போய்விட்டது. எழுபத்தெட்டுச் சூறாவளிக்குத் தாயின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஓடியவள். சண்டைக்கு ஓடினாள், சுனாமிக்குப் பிள்ளைகளோடு ஓடினாள், அதன் பிறகு வெள்ளத்துக்கு வெள்ளம் ஓடினாள். அந்தப் பள்ளிக்கூடத்தில் எந்த வகுப்பறைக் கூரை ஒழுகும், குந்தினால் எந்த வாங்கில் ஆணி குத்தும் என்பது அவளுக்கு மனப்பாடம். அரிசியை உயரத்தில் கட்டித் தூக்கினாள், கோழிகளை அவிழ்த்து விட்டாள், சுதர்சனாவையும் துசாந்தினியையும் துசாந்தினியின் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு நடந்தாள். துசாந்தினியின் புருசன் சிவதர்ஷனுக்குக் கொழும்பில் வேலை. அவன் போனுக்கு மேல் போன் எடுத்தான், அதுவும் பிறகு நின்றுபோயிற்று.

"எனக்கு அலுத்துப் பொயித்து மனே" என்று கேதீஸ்வரி வழியில் சொன்னாள். "இனியொரு தரம் வந்தா என்ன விட்டுட்டு நீங்க போங்க."

"விசர்க்கத கதைக்காம நடவுங்கம்மா" என்றாள் துசாந்தினி.

காற்று வந்தது, அடித்தது, போனது. அது பெரிதாக ஒன்றும் செய்யவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். நாலைந்து மரம் விழுந்தது, கொட்டிலின் தகரம் பறந்தது. செய்ததெல்லாம் மழை. வானம் கிழிந்துவிட்டதோ என்று பயப்படுகிற அளவுக்குக் கொட்டியது. மேற்கே குளங்கள் நிரம்பி, வயல்கள் நிரம்பி, எல்லாத் தண்ணீரும் ஆற்றுக்கு வந்தது. ஆறு ஊருக்குள் ஏறியது. பிறகு முகத்துவாரத்தில் மணலை வெட்டி ஆற்றைக் கடலுக்குத் திறந்துவிட்டார்கள் என்று செய்தி வந்தது. மறுநாள் காலையில் ஆறு இறங்கத் தொடங்கியது. சனங்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு வீடுகளைப் பார்க்கப் போனார்கள்.

பக்கத்து ஒழுங்கைகளில் சேறுதான் மிஞ்சியிருந்தது. கேதீஸ்வரியின் ஒழுங்கையில் மட்டும் தண்ணீர் அப்படியே நின்றது. துசாந்தினியின் வாசலில் முழங்காலுக்கு மேல், வீட்டுக்குள்ளும் முழங்காலளவு. எழுபத்தெட்டிலும் தண்ணீர் ஏறாத வீடு அது. கேதீஸ்வரி தாலி கட்டிக்கொண்ட வீடு, இரண்டு பிள்ளைகளையும் பெற்ற வீடு. களிமண் சாந்தில் கட்டிய சுவர் எத்தனை நாள் தண்ணீரில் நிற்கும்? அவர்கள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே குசினிச் சுவர் அவசரமில்லாமல் வெளிப்பக்கம் சரிந்து தண்ணீருக்குள் படுத்தது. துசாந்தினி வாயைப் பொத்திக்கொண்டாள். அவளுடைய பிள்ளைகள் இரண்டும் ஓவென்று அழத் தொடங்கின.

ஒழுங்கைச் சனம் எல்லாம் கூடிவிட்டது. எல்லாம் சொந்தக்காரர்தான். ஆண்கள் மண்வெட்டியும் அலவாங்கும் கொண்டுவந்திருந்தார்கள். ஆனால் ஒருவரும் எதையும் வெட்டவில்லை. ஒழுங்கையின் அடியில், சுதர்சனாவின் அத்திவாரத்துக்கு இந்தப் பக்கம், தண்ணீரில் நின்றுகொண்டு வானத்தைப் பார்த்தார்கள். அந்த அத்திவாரத்துக்கு அந்தப் பக்கம் ஆறு ஒரு முழம் தாழக் கிடந்தது. கண்ணிருக்கிற எவனுக்கும் விசயம் விளங்கும். தண்ணீர் போக ஒரே வழி தோணா. தோணாவுக்கு மேல் நிரவல், நிரவலுக்கு மேல் அத்திவாரம். குழாய் முதல் நாளே தேங்காய் மட்டையில் அடைபட்டுப் போயிருந்தது.

கேதீஸ்வரி தன் அக்காவின் புருசன் இராசதுரையிடம் போனாள்.

"என்ன அத்தான், சும்மா நிக்கிறீங்க?"

இராசதுரை மண்வெட்டிப் பிடியைத் தடவினார். "மழ விட்டிட்டுத்தானே. மெல்ல மெல்ல இறங்கிரும் கேதீசு."

பொய். அவருக்கும் தெரியும் பொய் என்று. அவருடைய வீட்டு முற்றத்திலும் தண்ணீர் நின்றது. இங்கே பெண் பிள்ளைக்கென்று போட்ட அத்திவாரத்தில் இன்னொருவர் மண்வெட்டி வைக்கமாட்டார்கள். வைக்கச் சொல்லிக் கேட்கவும் மாட்டார்கள். அதுவும் நிலை நட்டு மஞ்சள் துணி கட்டிய வீடு. தங்கள் சுவர் விழுந்தாலும் பரவாயில்லை, அந்தப் பாவம் நமக்கு வேண்டாம் என்று நிற்பார்கள். மரியாதைதான், யார் இல்லை என்றது. ஆனால் கேதீஸ்வரிக்கு அந்த நேரம் வந்த கோபம் சாதாரணக் கோபமில்லை. உன்னால்தான் இது என்று ஒருவராவது முகத்தைப் பார்த்துச் சொல்லித் தொலைத்தால் என்ன? அவளும் பதிலுக்கு நாலு ஏச்சு ஏசிவிட்டு மனம் ஆறியிருப்பாள். ஒருவரும் ஏசாததால் எல்லாவற்றையும் அவளே அறிந்து, அவளே சொல்லி, அவளே செய்ய வேண்டியிருந்தது. இந்த வயதில், இந்தக் களைப்பில்.

அவள் இராசதுரையின் பக்கத்தில் நின்றவனின் கையிலிருந்த அலவாங்கை வாங்கினாள். அத்திவாரத்தில் ஏறினாள். ஹோலின் ஓரச்சுவர் வரவேண்டிய இடத்தைக் காலால் தட்டிப் பார்த்தாள். குழாய் தாட்ட இடம் அவளுக்கு மறக்குமா? அலவாங்கைத் தூக்கி இரண்டு கல்லுக்கு நடுவில் இறக்கினாள்.

சுதர்சனா துசாந்தினியின் பாத்திரங்களைத் தூக்கி உயரத்தில் வைத்துக்கொண்டிருந்தாள். கல்லில் இரும்பு படுகிற சத்தம் கேட்டுத் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"அம்மா, என்ன செய்யிறீங்க?"

"வெட்டுறன்."

"அது ஹோலம்மா."

"ஓம் மனே."

"எண்ட வீட்டையா வெட்டுறீங்க?"

கேதீஸ்வரி நிமிர்ந்தாள். பிள்ளையின் முகத்தைப் பார்க்க முடியவில்லை, ஆனாலும் பார்த்தாள். "உண்ட வீடுதான். வெட்டாட்டி அக்காட வீடு விழும். அந்த வீட்டுக்குள்ள ரெண்டு புள்ளையள் இரிக்கு. நான் என்ன செய்யிற, சொல்லு."

சுதர்சனா பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஒருவரையும் பார்க்காமல், திரும்பிப் பள்ளிக்கூடத்துப் பக்கம் நடந்தாள். கேதீஸ்வரி மறுபடி குனிந்தாள்.

முதல் கல் பெயர்ந்த பிறகுதான் இராசதுரை ஏறி வந்தார். பிறகு எல்லோரும் வந்தார்கள். இத்தனை நேரம் கட்டிக் கிடந்த கைகள் இப்போது வெறி பிடித்து வெட்டின. மண்ணுக்குள்ளிருந்து சுனாமிக்காலத்துச் சுவர்த் துண்டுகள் வந்தன. ஒன்றில் நீலப் பூச்சு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. தண்ணீர் முதலில் ஒரு விரலளவு போனது, பிறகு தானே வழியை அகலமாக்கிக்கொண்டு இரைச்சலோடு பாய்ந்தது. ஹோலின் பாதித் தரையை இழுத்துக்கொண்டு போனது. முன்வாசல் நிலை ஒருபக்கம் சாய்ந்து, மஞ்சள் துணியோடு அப்படியே நின்றது. பின்னேரத்துக்குள் துசாந்தினியின் வாசற்படி தெரிந்தது. மற்றச் சுவர்கள் நின்றுவிட்டன. சனங்கள் கேதீஸ்வரிக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தார்கள், வேறு என்ன செய்வதென்று தெரியாமல் கலைந்து போனார்கள்.

அன்றிலிருந்து சுதர்சனா தாயோடு தேவைக்குத்தான் பேசினாள். சோறு போட்டாச்சு, தண்ணி அள்ளியாச்சு, அவ்வளவுதான். சண்டை பிடித்திருந்தால் கேதீஸ்வரி தாங்கியிருப்பாள். இது தாங்க முடியவில்லை.

சேறு காய்ந்ததும் அவள் மூத்தவளிடம் போனாள். துசாந்தினி முற்றத்தில் சேறு பிடித்த துணிகளை அலசிக்கொண்டிருந்தாள். எப்படித் தொடங்குவதென்று தெரியாமல் கேதீஸ்வரி இடிந்த குசினியைச் சுற்றிப் பார்த்தாள், கல்லைப் பொறுக்கி ஓரமாக அடுக்கினாள், பிறகு கேட்டாள்.

"புள்ள, தங்கச்சிக்கு ஒரு அறையக் குடுத்தா என்ன? ஒரு வருசம், ரெண்டு வருசம். நான் எங்கயாவது காணி பாத்திருவன்."

துசாந்தினியின் கை நின்றது. ஒரே வீட்டில் இரண்டு சகோதரிகள், இரண்டு மருமகன்கள். இந்த ஒழுங்கையில் அப்படி ஒருவரும் இருந்ததில்லை. அவள் கெட்டவள் இல்லை. தங்கச்சி மேல் உயிரை வைத்திருக்கிறவள். ஆனால் குசினி போய், இருப்பது இரண்டு அறை, இரண்டு பிள்ளைகள், கொழும்பிலிருந்து வரப்போகிற புருசன். அவள் துணியைப் பிழிந்தாள். ஒன்றைப் பிழிந்தாள், அடுத்ததைப் பிழிந்தாள்.

"அவரிட்டக் கேக்கணும் அம்மா" என்றாள் கடைசியில், தலையைத் தூக்காமல்.

கேதீஸ்வரிக்கு விளங்கியது. கொடுத்த வீடு கொடுத்ததுதான். அவள் இரண்டாம் தரம் கேட்கவில்லை. மகளிடமிருந்து வாளியை வாங்கி மிச்சத் துணியைத் தானே கொடியில் போட்டுவிட்டு வந்தாள்.

கிரிசாந்த் புயல் முடிந்த கையோடு மோட்டார் சைக்கிளில் அரிசியும் தேங்காயும் கட்டிக்கொண்டு வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தான். பிளந்து கிடந்த அத்திவாரத்தையும் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் போனான். அடுத்த முறை தாயைக் கூட்டிக்கொண்டு வந்தான். கலியாணத்தை நிறுத்தத்தான் வருகிறார்கள் என்று கேதீஸ்வரி முடிவே செய்துவிட்டாள். கொட்டில் வாசலில் பாயை விரித்து, தேத்தண்ணி வைத்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

கிரிசாந்தின் தாய் நேராக விசயத்துக்கு வந்தாள். "எங்களுக்குப் பொம்புளப்புள்ள இல்ல. வீடு யாருக்குக் குடுக்க? சும்மா கிடக்கு. மணல் மேட்டுல இரிக்கு, இந்த வெள்ளத்துக்கும் தண்ணி வரல்ல. உங்கட மகள் அங்க வந்து இரிக்கட்டுமே."

கேதீஸ்வரிக்கு முகம் சுண்டிப் போனது. மகளை இன்னொரு வீட்டுக்கு அனுப்புவதா? வீடு கொடுக்க வக்கில்லாதவள் என்று ஒழுங்கை முழுவதும் பேசும். அவள் தன் தாயின் காலத்திலும் அப்படிக் கேள்விப்பட்டதில்லை. "அது சரிவராது" என்று சொல்ல வாயெடுத்தாள்.

"நான் போறன்" என்றாள் சுதர்சனா கொட்டிலுக்குள்ளிருந்து.

அது சம்மதமா, கோபமா என்று கேதீஸ்வரிக்குப் பிடிபடவில்லை. கேட்கவும் பயமாக இருந்தது. மாங்கேணி ஒன்றும் சீமையில்லை, வாழைச்சேனை தாண்டினால் வந்துவிடும், பஸ் இருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். மனம் கேட்கவில்லை. ஆனால் பெண் வாயால் சொன்ன பிறகு தாய் என்ன செய்வாள்? நாள் அதே நாளாக இருக்கட்டும் என்று முடிவானது.

கலியாணத்துக்கு முதல் அஸீமா ஆட்களோடு வந்து தோணாவைச் சரியாக வெட்டி எடுத்தாள். இரண்டு கரையிலும் கண்ணா நட வேண்டும் என்றாள். "நீங்க சொன்னாத்தான் அக்கா" என்று தயங்கினாள்.

"நடுங்க மிஸ்" என்றாள் கேதீஸ்வரி. "இனி எனக்கெதுக்கு இந்தக் காணி? குடுக்கிறதுக்குப் புள்ள இல்ல."

மற்றப் பெண்களோடு சேர்ந்து அவளும் நட்டாள். தன் வளவில் தானே கூலிக்கு வேலை செய்தவள் இந்த ஊரில் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். வெண்டி நின்ற இடத்தில் கன்று வைக்கும்போது அழுகை வந்தது. அழுதுகொண்டே நட்டாள். அடுத்த மாரிக்குத் தண்ணீர் நிற்காது, துசாந்தினியின் பிள்ளைகள் நனையாமல் படுப்பார்கள், அது அவளுக்குத் தெரியும். தெரிந்து என்ன? நெஞ்சுக்குள் கிடந்த பாரம் அங்கேயே கிடந்தது.

கலியாணம் கோயிலில் நடந்தது. குறை சொல்ல ஒன்றுமில்லை. பின்னேரம், மாப்பிள்ளை வீட்டாரின் வான் ஒழுங்கைக்குள் வர முடியாமல் பெரிய றோட்டில் நின்றது. சுதர்சனாவின் பெட்டியை இராசதுரை தலையில் தூக்கிக்கொண்டு நடந்தார். ஒழுங்கைப் பெண்கள் எல்லோரும் பின்னால் வந்தார்கள். வானடிக்கு வந்ததும் எல்லோரும் நின்றுவிட்டார்கள். அடுத்து என்ன செய்வது, யார் என்ன சொல்வது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. இந்த ஒழுங்கையில் மாப்பிள்ளைகளை ஆராத்தி எடுத்து வரவேற்கத் தெரிந்த பெண்கள் எத்தனையோ பேர். மகளை அனுப்பி வைக்கத் தெரிந்தவள் ஒருத்தியும் இல்லை. அதற்கென்று ஒரு சொல்லோ, ஒரு முறையோ அவர்களிடம் இல்லை. துசாந்தினி மூக்கை உறிஞ்சிக்கொண்டு தங்கச்சியின் சேலைத் தலைப்பைச் சும்மா சும்மா சரிசெய்தாள்.

எல்லோரும் கேதீஸ்வரியைப் பார்த்தார்கள். தாய்தானே சொல்ல வேண்டும்.

கேதீஸ்வரி கிட்டப் போனாள். சுதர்சனா வானுக்குள் ஏறி யன்னலோரம் இருந்துவிட்டாள். பிள்ளை ரியூசனுக்குப் போகும்போது, தையல் வகுப்புக்குப் போகும்போது, திருவிழாவுக்குப் போகும்போது என்று இத்தனை வருடமும் வாசலில் நின்று அவளை அனுப்பியவள்தான். அந்த நேரங்களில் சொன்னது ஒன்றுதான் அவளுக்குத் தெரியும். அதுவே வாயில் வந்தது.

"இருட்டுப்பட முதல் வந்திரு மனே."

வானுக்குள் இருந்தவர்கள் சிரித்தார்கள். கிரிசாந்தும் சிரித்தான். சுதர்சனாவும் சிரிக்கத்தான் வாயைத் திறந்தாள், ஆனால் சிரிப்பு பாதியில் உடைந்துவிட்டது. யன்னலுக்கு வெளியே கையை நீட்டித் தாயின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஓம் அம்மா" என்றாள். "வந்திருவன்."

வான் புறப்பட்டது.